பேருந்து நிற்கும்போது நம்மை முன்னால் தள்ளுவது யார்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 ஜூன் 3

ஓடும் பேருந்தில் ஓட்டுநர் திடீரென பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் முன்பக்கம் சாய்கிறார்கள். இதற்குக் காரணம் ‘நிலைம விசை’ என்று என் மகனின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஏதோ ஒன்று தள்ளாமல் யாரும் விழமாட்டார்கள் என்பதால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. அந்த விசையின் அளவை எப்படிக் கணக்கிடுவது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு

கணக்கிட முடியாது. அப்படியொரு விசை இல்லை.

பல ஆண்டுகளாகப் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். விசைகளைப் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நான் வாங்கும் ஒரே உறுதிமொழி, ஒரு விசையின் பெயரைச் சொன்னால் அதைக் கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான். எடை என்றால் கொடுப்பது பூமி. உராய்வு என்றால் தரை. இழுவிசை என்றால் கயிறு. பேருந்தில் சாயும் மனிதரை முன்னால் தள்ளியது யார் என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் நின்றவர் தள்ளவில்லை, காற்று தள்ளவில்லை, கம்பியும் தள்ளவில்லை. கொடுப்பவர் இல்லாத விசையைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

நடப்பது இதுதான். பேருந்தும் பயணியும் ஒரே திசைவேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிரேக் பேருந்தின் வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் பயணியின் உடலை அது நேரடியாகத் தொடுவதில்லை. அவருடைய உடல் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த வேகத்தில் தொடர்ந்து போகிறது, இந்த இயல்பின் பெயர்தான் நிலைமம். அவர் முன்னால் தள்ளப்படவில்லை, பேருந்துதான் அவருக்குக் கீழே பின்தங்குகிறது.

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதில் பாதிதான் இருக்கிறது. பயணியின் மேல் எந்த விசையும் செயல்படவில்லை என்று யாராவது புரிந்துகொண்டிருந்தால் அது என் பிழை. விசை ஒன்று உண்டு, அது பின்னோக்கிச் செயல்படுகிறது. பேருந்தின் தளம் அவருடைய செருப்பைப் பின்னால் பிடித்து இழுக்கிறது, அதுவே உராய்வு. அது மட்டும் இல்லாவிட்டால் அவர் சாயமாட்டார், நின்ற நிலையிலேயே வழுக்கிக்கொண்டு ஓட்டுநர் இருக்கை வரை போயிருப்பார்.

அளவு கேட்டீர்கள் அல்லவா, இந்த விசைக்கு அளவு உண்டு. பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்றும், 4 நொடியில் நிற்கிறது என்றும் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர் குறைகிறது, அதாவது எதிர்முடுக்கம் 2.5. பயணியின் நிறை 50 கிலோகிராம் என்றால் அவரையும் பேருந்தோடு சேர்த்து நிறுத்த 125 நியூட்டன் விசை தேவை. அவருடைய எடையோ 490 நியூட்டன். எடையில் ஏறக்குறைய கால் பங்கு உராய்வு கிடைத்தால் போதும் என்பதால், காய்ந்த தளத்தில் ரப்பர் செருப்பு வழுக்குவதில்லை.

வழுக்கவில்லை என்றால் ஏன் சாய்கிறார்? அந்த 125 நியூட்டனும் பாதத்தில் செயல்படுகிறது, உடலின் நிறைமையமோ தளத்திலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரத்தில், தொப்புளை ஒட்டி இருக்கிறது. கால் நிற்கிறது, மேலுடல் போகிறது, உடல் முன்பக்கம் சுழல்கிறது. கம்பியைப் பிடிக்காமல் நிற்க வேண்டுமானால் முன்காலை எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 2.5ஐ 9.8 ஆல் வகுத்து 90 ஆல் பெருக்கினால் 23 சென்டிமீட்டர் வருகிறது, அது சரியாக ஒரு சாண். நடத்துநர்கள் ஒரு காலை முன்வைத்து, இரண்டு கைகளிலும் பயணச்சீட்டும் சில்லறையுமாக, எதையும் பிடிக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தக் கணக்கு அவர்களுடைய காலில் இருக்கிறது.

ஜூன் 6

மேலே எறிந்த பந்தைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். பந்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன் மேல் எத்தனை விசைகள்? அவர் இரண்டு என்கிறார்: கை கொடுத்த விசை மேல்நோக்கி, எடை கீழ்நோக்கி. கை கொடுத்தது சிறிது சிறிதாகத் தீர்ந்து எடைக்குச் சமமாகும்போது பந்து உச்சியில் நிற்கிறது, முழுவதும் தீர்ந்ததும் விழுகிறது என்பது அவர் தரும் விளக்கம்.

இந்த விளக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் நானும் கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை இதைத்தான் நம்பியிருந்தேன். எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரே கரும்பலகையில் பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்பு வரைந்தார், அதை அப்படியே தேர்வில் வரைந்து முழு மதிப்பெண்ணும் பெற்றேன். பின்னாளில் அது பிழை என்று தெரிந்தபோது, இத்தனை ஆண்டுகள் தவறான படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சரியான விடைகளை எழுதி வந்திருக்கிறேனே என்று வருந்தினேன். சூத்திரம் தெரிந்தால் விடை வந்துவிடுகிறது, படம் பிழையாக இருப்பதை அது காட்டிக்கொடுப்பதில்லை. 1982இல் ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், மேலே சுண்டிய நாணயத்தின் மேல் செயல்படும் விசைகளை வரையச் சொல்லிப் பொறியியல் மாணவர்களைச் சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் இதே மேல்நோக்கிய அம்பை வரைந்தார்கள் என்று படித்த பிறகுதான், இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று தெரிந்தது.

கொடுப்பவர் யார் என்ற சோதனையை இங்கேயும் வையுங்கள். பந்து கையை விட்டுப் பிரிந்த கணத்தில் கையின் விசை முடிந்துவிட்டது. அதன் பிறகு காற்றின் தடையைத் தள்ளிவிட்டால் பந்தின் மேல் இருப்பது எடை ஒன்று மட்டுமே. ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அதே விசை, அதே திசை, அதே 9.8 முடுக்கம். நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் எறிந்த பந்து ஒரு நொடியில் 4.9 மீட்டர் உயரம் ஏறுகிறது, உச்சியில் அதன் திசைவேகம் சுழி, முடுக்கமோ அப்போதும் 9.8. உச்சியில் இரண்டு விசைகள் சமமாகி முடுக்கமும் சுழியானால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

கை பந்துக்குக் கொடுத்து அனுப்பியது விசை அல்ல, உந்தம், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வரும் அளவு. பந்து எடுத்துச் செல்வது உந்தத்தை, அதை நொடிக்கு நொடி குறைப்பது விசை. இந்த இரண்டையும் பிரித்தறிய மனித குலத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. எறிந்த கல்லைக் காற்றுதான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது என்றார் அரிஸ்டாட்டில். அதை மறுத்து, எறிபவர் கல்லுக்குள்ளேயே ஏதோ ஒன்றை வைத்து அனுப்புகிறார் என்றார் ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோபோனஸ். பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த பூரிதான் என்ற அறிஞர், அந்த உள்ளார்ந்த ஒன்று பொருளின் அளவையும் வேகத்தையும் பொறுத்தது என்றும், தடை இல்லாவிட்டால் அது தீராது என்றும் சொன்னார். உந்தத்தின் வாசற்படி வரை வந்துவிட்டவர் அவர். நம் வாசகர் சொல்வது பிலோபோனஸின் கருத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

ஜூன் 6, சற்றுப் பின்

ஒன்றை விட்டுவிட்டேன். ‘நிலைம விசை’ என்று எழுதிய குறிப்பேட்டை நான் கடிந்துகொண்டது கொஞ்சம் அதிகம். 1687இல் வெளியான தம் நூலின் மூன்றாவது வரையறையில் நியூட்டனே நிலைமத்தைப் ‘பொருளுக்குள் உறையும் விசை’ என்றுதான் குறிப்பிட்டார். இரண்டாம் விதியில் வரும் விசை வேறு, இது வேறு என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார், சொல் மட்டும் ஒன்றாகவே இருந்தது. இன்று அந்தப் பொருளில் விசை என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை.

ஜூன் 7

சீரான வேகத்தில் ஒன்றை நகர்த்த விசை தேவையில்லை என்றால், கிணற்றிலிருந்து வாளியைச் சீராக இழுக்கும்போதும் கை வலிப்பது ஏன் என்று கேட்கிறார்கள். மிக நல்ல கேள்வி.

எங்கள் வீட்டுக் கிணற்றில் இரும்பு இராட்டினமும் தாம்புக்கயிறும் இருந்தன. வாளியும் தண்ணீருமாகப் பதினொரு கிலோகிராம் என்று வையுங்கள், எடை ஏறக்குறைய 108 நியூட்டன். வாளி சீராக ஏறும்போது கயிற்றின் இழுவிசையும் அதே 108 நியூட்டன்தான். எடையைவிட அதிகமாக இழுத்தால்தான் ஏறும் என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் அதிகமாக இழுத்துக்கொண்டே இருந்தால் வாளியின் வேகம் கூடிக்கொண்டே போகும். சமமாக இழுத்தால் இருக்கும் வேகம் மாறாது, அவ்வளவே. கை வலிப்பது வாளியை நகர்த்துவதால் அல்ல, எடையைத் தாங்குவதால். அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாலும் அந்த வலி வரும்.

தொடக்கத்தில் மட்டும் கூடுதலாக இழுக்க வேண்டும். நீர்மட்டத்திலிருந்து வாளி கிளம்பும்போது கயிறு கையை ஒரு முறை சுண்டி இழுப்பதை உணர்ந்திருப்பீர்கள். அதுதான் முடுக்கத்துக்கான விலை.

ஜூன் 8

கடைசிப் பத்தியில் நான் சொன்னது பிழை. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வதே சரி, எண்களை வைத்துப் பார்த்ததும் எனக்கே வியப்பாக இருந்தது.

ஓய்விலிருந்து அரை நொடியில், நொடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு வாளி வருகிறது என்றால் முடுக்கம் 1. அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 11 நியூட்டன் மட்டுமே, எடையில் பத்தில் ஒரு பங்கு. கை உணர்ந்த அந்தப் பெரிய மாற்றம் இதனால் வந்திருக்க முடியாது. வாளி நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை அதற்குள் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரின் எடை முழுவதையும் சுற்றியுள்ள நீரின் மிதப்பு விசை தாங்கிக்கொள்கிறது, வாளி இரும்பின் எடைதான் கைக்குத் தெரிகிறது. வாளியின் விளிம்பு மட்டத்துக்கு மேல் வரத் தொடங்கியதும் அந்தத் தாங்கல் விலகி, ஒரு கணத்தில் 98 நியூட்டன் கைக்கு மாறுகிறது. சிறுவயதில் எத்தனையோ நூறு முறை அந்தச் சுண்டலை உணர்ந்திருக்கிறேன், ஒரு முறையும் அதற்குச் சரியான காரணத்தை நினைத்ததில்லை.

இராட்டினத்தின் உராய்வையும் சேர்க்க வேண்டும். எண்ணெய் விடாத இராட்டினத்தில் இழுக்கும்போது எடையைவிட அதிகமாகவும், இறக்கும்போது எடையைவிடக் குறைவாகவும் பிடித்தால் போதும்.

ஜூன் 11

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், நான் நான்காம் தேதி எழுதிய கணக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். ‘பயணியின் நிறை 50 கிலோகிராம்’ என்ற தொடரே பிழை, நிறையை நியூட்டனில் அல்லவா சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி.

இரண்டு பேரும் சரியாகத்தான் எழுதுகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பொருளின் அளவு நிறை, பூமி இழுக்கும் விசை எடை. இலங்கைப் பாடநூல்களில் பொருளின் அளவு திணிவு, பூமி இழுக்கும் விசை நிறை. நாம் முடுக்கம் என்பதை அவர்கள் ஆர்முடுகல் என்கிறார்கள், எதிர்முடுக்கம் என்பதை அமர்முடுகல் என்கிறார்கள். இவை வெவ்வேறு சொற்கள் என்பதால் குழப்பம் இல்லை. குழப்பம் வருவது ஒரே சொல் இரு பொருளில் வரும் இடங்களில்தான். நிறை அப்படிப்பட்ட ஒன்று, வேகம் இன்னொன்று. நமக்கு வேகம் என்றால் திசை இல்லாத அளவு, திசையும் சேர்ந்தால் திசைவேகம். அவர்களுக்குத் திசை இல்லாதது கதி, திசையுள்ளது வேகம்.

நம் வழக்கே சரியென்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ணவில்லை. நிறு, நிறுத்தல், நிறைகோல் என்ற சொற்களெல்லாம் தராசில் தூக்கிப் பார்க்கும் செயலைச் சேர்ந்தவை, ஆகவே நிறை என்ற சொல்லை எடைக்குக் கொடுத்த இலங்கை வழக்கு சொல்லின் இயல்போடு ஒட்டிப் போகிறது. திணிவு என்ற சொல்லோ, ஒரு பொருளுக்குள் எவ்வளவு திணிக்கப்பட்டிருக்கிறது என்ற படத்தை மனத்தில் உடனே எழுப்புகிறது. நம் மாணவர்கள் நிறையையும் எடையையும் மாற்றி மாற்றி எழுதுவதற்கு, அன்றாட வழக்கில் இவ்விரண்டு சொற்களும் ஒரே பொருளைத் தருவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இந்த இழையில் மட்டும் பழகிய சொற்களையே தொடர்கிறேன், இலங்கை வாசகர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

ஜூன் 12

கடைத் தராசு அளப்பது நிறையையா எடையையா என்று கேட்டவருக்கு: இரண்டு தட்டுத் தராசு நிறைகளை ஒப்பிடுகிறது, நிலவுக்கு எடுத்துப் போனாலும் ஒரு கிலோ அரிசி ஒரு கிலோவாகவே இருக்கும். சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் விசையை அளந்து கிலோகிராமில் எழுதிக் காட்டுகின்றன. லண்டனில் சரிபார்த்த மின்னணுத் தராசைத் திருத்தாமல் சென்னையில் வைத்தால், ஈர்ப்பு முடுக்கம் அங்கே 9.81, இங்கே ஏறக்குறைய 9.78 என்பதால், கிலோவுக்கு 3 கிராம் குறைத்துக் காட்டும். தங்கம் நிறுப்பவர்களுக்கு இது சிறிய தொகை அல்ல, ஆகவே துல்லியமான தராசுகளை வைக்கும் இடத்திலேயே சரிபார்க்கிறார்கள்.

ஜூன் 15

மாடும் வண்டியும். மாடு வண்டியை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ அதே அளவு விசையோடு வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறது. பிறகு எப்படி இரண்டும் நகர்கின்றன?

இரண்டு விசைகளும் சமம், ஆனால் இரண்டும் ஒரே பொருளின் மேல் செயல்படவில்லை, ஆகவே ஒன்றையொன்று அழிக்க முடியாது. வண்டியின் கணக்கில் மாட்டின் இழுப்பும் சக்கரத்தின் தடையும் மட்டும் வரும். மாட்டின் கணக்கில் வண்டியின் பின்னிழுப்பும், தரை கொடுக்கும் முன்தள்ளலும் வரும். மாடு குளம்பால் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது, மாட்டை நகர்த்துவது தரைதான். இதை நான் நம்பியது ஒரு மழைக்காலத்தில். நெல் மூட்டை ஏற்றிய வண்டி களத்து மேட்டுச் சரிவில் சேற்றில் நின்றுவிட்டது. மாடுகள் முழுப் பலத்தோடு முயன்றன, குளம்புகள் வழுக்கிக்கொண்டே இருந்தன. பெரியவர் ஒருவர் சக்கரத்தைத் தொடவில்லை, மாடுகளை அதட்டவும் இல்லை. இரண்டு கட்டு வைக்கோலை அவிழ்த்து மாடுகளின் காலடியில் பரப்பினார், வண்டி நகர்ந்தது. மாட்டின் பலம் மாறவில்லை, தரையின் உராய்வு மட்டுமே மாறியது.

இதோடு ஒன்று. மேசை மேல் உள்ள புத்தகத்தின் எடையும் மேசை கொடுக்கும் செங்குத்து விசையும் செயல், எதிர்ச்செயல் என்று எழுதும் பழக்கம் ஆசிரியர்களிடமே இருக்கிறது. அது பிழை, இரண்டும் புத்தகத்தின் மேலேயே செயல்படுகின்றன. பூமி புத்தகத்தை இழுப்பதன் இணை, புத்தகம் பூமியை இழுப்பது.

ஜூன் 19

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ‘நான் பேருந்துக்குள் இருக்கிறேன், சன்னல்களை மூடிவிட்டேன், வெளியே சாலை இருப்பதே தெரியவில்லை. எனக்கு என் பையும் தண்ணீர்ப் புட்டியும் தாமாக முன்னால் ஓடுகின்றன. எனக்கு அது விசைதான்’ என்கிறார்.

இரண்டு நாட்கள் யோசித்தேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, மூன்றாம் தேதி நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பேருந்தையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட விரும்பினால் அதற்கு வழி உண்டு. ஒவ்வொரு பொருளின் மேலும், அதன் நிறையை பேருந்தின் எதிர்முடுக்கத்தால் பெருக்கி வரும் அளவில், முன்னோக்கி ஒரு விசை இருப்பதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைப் போலி விசை என்கிறோம். 50 கிலோகிராம் பயணிக்கு அது முன்னோக்கி 125 நியூட்டன், உராய்வு பின்னோக்கி 125 நியூட்டன், இரண்டும் சமமாகி அவர் பேருந்துக்குள் நிற்கிறார். விடை மாறாது. ஆகவே கணக்கிட முடியாது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் அந்த விசைக்குக் கொடுப்பவர் இல்லை, எதிர்ச்செயலும் இல்லை. சாலையில் நிற்பவருடைய கணக்கில் அது வருவதுமில்லை. இதை அற்பமாக எண்ண வேண்டாம், பூமியும் சுழலும் ஒரு வண்டிதான். 1851இல் பாரிஸில் பான்தியோன் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோகிராம் குண்டைத் தொங்கவிட்டு ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஆட்டிக் காட்டியபோது, அது ஆடும் திசை மெல்லத் திரும்பியது. குண்டைத் திருப்ப யாரும் இல்லை, திரும்பியது தரை.

ஜூன் 22

பேருந்தின் எதிர்முடுக்கத்தை 2.5 என்று நானாக எடுத்துக்கொண்டது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று சன்னல் சட்டத்தில் ஒரு கோணமானியை ஒட்டி, அதன் மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் நூலில் ஒரு சாவியைத் தொங்கவிட்டுப் பயணம் செய்தேன். பிரேக் போடும்போது நூல் முன்பக்கம் சாயும், சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பை 9.8 ஆல் பெருக்கினால் எதிர்முடுக்கம் கிடைக்கும். ஒரு நிறுத்தத்தில் நூல் 20 பாகை வரை போனது. கணக்கு 3.6 என்று வருகிறது. நான் எடுத்துக்கொண்டதைவிட இது அதிகம்.

ஜூன் 27

3.6 என்பதை அடித்துவிடுங்கள். நூல் என்பதும் ஊசல்தான். திடீரென முடுக்கம் வந்தால் அது நிற்க வேண்டிய கோணத்தில் நிற்காமல், அதைத் தாண்டி ஏறக்குறைய இரு மடங்கு வரை போய்த் திரும்புகிறது. நான் படித்தது அந்தக் கடைசி எல்லையை.

இன்று அதே பேருந்தில், கைப்பேசியில் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். நீண்ட பிரேக் ஒன்றில் நூல் 4 பாகைக்கும் 16 பாகைக்கும் இடையே, ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு முறை, போய்வந்துகொண்டிருந்தது. நடு மதிப்பு 10 பாகை, எதிர்முடுக்கம் 1.7. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 6 நொடியும் 29 மீட்டரும் ஆகும். முன்காலுக்கு 23 அல்ல, 16 சென்டிமீட்டர் போதும், முக்கால் சாணுக்கும் சற்றுக் குறைவு. குறுக்கே ஆடு ஓடி வரும் சாலைகளில் பயணம் செய்பவர்கள் முன்பு சொன்ன ஒரு சாணையே வைத்துக்கொள்ளவும்.